இளவேனில்: முற்றமும் மொட்டை மாடியும்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரையும் வைகாசியும் சேர்ந்த இரண்டு மாதங்களை இளவேனில் என்று வழங்கினார்கள். குளிர்தேசங்களில் வசந்தம் என்றால் பனி உருகிப் புல் தலைகாட்டும் பருவம். நமக்கோ அது, வேம்பும் புங்கமும் பூத்து உதிர, சரக்கொன்றை இலை மறைய மஞ்சளாய்த் தொங்க, மாமரம் வடுவும் காயுமாகக் கனக்க, குயில் பொழுது விடியுமுன்பே கூவத் தொடங்கிவிடுகிற பருவம். அதே நாட்களில்தான் ஆண்டுப் பரீட்சையும் முடிந்து, புத்தகப் பை மூலைக்குப் போய், குழந்தைகள் காலை முதல் இரவு வரை வீட்டிலேயே இருக்கிறார்கள். "இவர்களை வைத்துக்கொண்டு ஜூன் மாதம் வரை என்ன செய்வது?" என்று தாய்மார் பெருமூச்சு விடுவதையும், அந்தப் பெருமூச்சின் வேகத்திலேயே அபாகஸ், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று மூன்று வகுப்புகளுக்கு ஒரே நாளில் பணம் கட்டிவிட்டு வருவதையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

வகுப்புகளுக்குப் போகிற பிள்ளை போகட்டும். ஆனால் இந்தப் பருவம் தானாகவே வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிற வேலைகள் சில உண்டு. வேறெந்த மாதத்திலும் செய்ய முடியாத வேலைகள். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்றே: அவற்றில் குழந்தைக்கு மெய்யான ஒரு பங்கைக் கொடுங்கள். மெய்யான பங்கு என்றால், அவன் அதைச் செய்யாமற்போனால் வீட்டில் ஒரு காரியம் உண்மையாகவே நின்றுபோகும் என்கிற பங்கு. தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காகக் கையில் திணிக்கப்படும் ஒரு பிடி மாவுக்கும், காக்கை கொத்தாமல் வடாத்தைக் காக்கிற உத்தியோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாலு வயதுக் குழந்தை நன்றாக அறியும்.

தொடக்கத்துக்கு வேப்பம்பூ உத்தமமானது. இரவில் உதிர்ந்த பூ மண்ணோடு கலந்துவிட்டால் பயன்படாது. ஆகையால் முதல் நாள் மாலையிலேயே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேஷ்டியையோ புடவையையோ விரித்து, காற்றில் பறக்காதபடி நாலு மூலைகளிலும் கல் வைத்துவிட வேண்டும். சாக்கடையோரத்து மரமும், வாகனப் புகை படிகிற சாலையோர மரமும் வேண்டாம். விரிப்பதும், கல் தேடுவதும், விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்ப் பார்ப்பதும் குழந்தையின் பொறுப்பாக இருக்கட்டும். காம்பையும் சருகையும் பொறுக்கி, முறத்தில் புடைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் பூ பழுப்பாகச் சுருங்கும். இரு கை நிறைய அள்ளி வந்தது ஒரு கரண்டியளவுக்கு வற்றிப்போனதைக் கண்டு பிள்ளை ஏமாந்து நிற்பான். நீர் ஆவியாவதைப் பற்றிப் பாடம் நடத்த அதுவே தக்க தருணம் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். அன்று மாலை அவனே பெரிய புடவையாகத் தேடி எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 14ஆம் தேதியை ஒட்டி வரும் வருஷப்பிறப்பன்று, மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் அந்தப் பூவை நெய்யில் வறுத்துப் போட்டு, "இது இவன் எடுத்த பூ" என்று சாப்பாட்டு வேளையில் ஒரு வார்த்தை சொன்னால், கசப்பென்று முகம் சுளிக்கிற பிள்ளையும் மறுமுறை கேட்டு வாங்குவான்.

இனி வடாம். இதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் ஒரு குடும்பம் முழுவதும், பாட்டி முதல் பால்குடி மறந்த குழந்தை வரையில், அவரவர் சக்திக்கேற்ற பங்குடன் ஒரே காரியத்தில் கூடுகிற காலை, வடாம் இடுகிற காலையைப் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நாழியில் பிழிகிற அரிசி வடாத்துக்குக் கைப்பலம் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஸ்பூனால் இடுகிற ஜவ்வரிசி வடாமே ஏற்றது. 1 டம்ளர் ஜவ்வரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்து, விடியற்காலையில் 5 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் சேர்த்து, மணிகள் கண்ணாடிபோல் ஆகும் வரை அடிபிடிக்காமல் கிளற வேண்டும். பச்சை மிளகாயையும் உப்பையும் பெருங்காயத்தையும் அரைத்துக் கலந்து, இறக்கி ஆறிய பிறகு எலுமிச்சஞ்சாறு பிழிய வேண்டும். கூழை நாக்கில் வைத்துப் பார்க்கையில் உப்பு சற்றுக் குறைவாகத் தோன்றுவதே சரியான அளவு. காயக் காய உப்பு ஏறும். கொதிக்கும் கூழ் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும் என்பதால், அடுப்படி வேலை முழுவதும் பெரியவர்களுடையது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின்னரே அது மாடிக்கு ஏற வேண்டும்.

மாடியில் வேலை ஆறரை மணிக்குள் தொடங்கிவிடுவது நல்லது. பருத்தி வேஷ்டியை நனைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் இரண்டு பேர் இழுத்து விரிக்க, பாட்டி முதல் வரிசையை இட்டுக் காட்ட, குழந்தைகள் பின்தொடர்வார்கள். அவர்கள் இடுகிற வடாம் வட்டமாக இராது. ஒன்று உள்ளங்கை அகலம் ஓடும், மற்றொன்று புளியங்கொட்டையளவில் நின்றுவிடும், இரண்டு மூன்று ஒன்றோடொன்று சேர்ந்து ஏதோ ஒரு தீவின் வரைபடம்போல் ஆகிவிடும். இந்த இடத்தில்தான் பெற்றோரின் சுபாவம் சோதனைக்குள்ளாகிறது. குழந்தை கீழே போன பிறகு அவன் இட்ட வரிசையை வழித்து எடுத்துவிட்டு அழகாக இட்டுவைக்கும் தாய்மாரை அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாலையில் அவன் மாடிக்கு வந்து தேடுவது அந்தக் கோணல் வடாத்தைத்தான். அது அங்கே இல்லையென்றால், தன் வேலை வேலையாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வான்.

பின்பு காவல். கறுப்புக் குடையை விரித்து வைப்பதும், மிளகாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் பழைய உபாயங்கள். காக்கை இரண்டு நாளில் அவற்றோடு பழகிவிடும். நிழலான மாடிப்படியில் கையில் குச்சியுடன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஈடான காவல் கிடையாது. அவனுக்கு அரை மணிக்கொரு முறை ஆள் மாற்ற வேண்டும். தலைக்குத் துண்டும், பக்கத்தில் ஒரு செம்பு மோரும் வேண்டும். பத்தரை மணிக்கு மேல் காவலே வேண்டாம், மெல்லிய துணியொன்றை மேலே போர்த்திவிட்டு இறங்கிவிடலாம். காவலுக்கு இருப்பவன் அரைக் காய்ச்சலில் இருக்கும் வடாத்தைப் பிய்த்துத் தின்பான். அது அவன் சம்பளம். கணக்குக் கேட்கக் கூடாது. மறுநாள் வேஷ்டியைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்து உரித்தால் கிழியாமல் வரும். மேலும் இரண்டு நாள் தட்டில் காயவைத்து, ஒடித்தால் சடக்கென்று ஓசை எழுகிறதா என்று பார்த்துவிட்டு டப்பாவில் அடைக்கலாம். அந்த ஓசையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பதவியைக் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டால், சேலத்துச் சீமையில் விளையும் மரவள்ளிக்கிழங்கைக் காட்டி விளக்கலாம். ஏதோ ஒரு செடியின் விதை என்றே பெரியவர்களிலும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மாவடுவுக்கு இவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. காம்போடு கூடிய உருண்டை வடுவாகப் பொறுக்கி, கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்கு 150 கிராம் அளவில் கல்லுப்பும், கடுகுப் பொடியும் மிளகாய்ப் பொடியும் மஞ்சளும் சேர்த்து ஜாடியில் போட்டால், இரண்டு மூன்று நாளில் வடு சுருங்கித் தன் நீரிலேயே மிதக்கும். தினம் காலையிலும் மாலையிலும் ஜாடியைக் குலுக்குவது ஒரு பிள்ளையின் வேலை. ஈரக்கை படக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். நுங்குக்கு அதுவும் வேண்டாம். பனை நமது மாநில மரம் என்று பாடத்தில் படித்த நகரத்துக் குழந்தை, சீவிய நுங்கின் கண்ணில் கட்டைவிரலை விட்டு நீர் முகத்தில் தெறிக்க உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, கோந்தை இரண்டையும் ஒரு குச்சியின் இரு முனைகளில் செருகிக் கவைக் கம்பால் தள்ளி நுங்கு வண்டி ஓட்டட்டும். கடையில் வாங்கிய வண்டியைவிட அது இரண்டு நாள் முன்னதாகவே உடையலாம். உடைந்தால் இன்னொரு நுங்கு வாங்கித் தின்ன ஒரு காரணம் ஆயிற்று.

நண்பகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு மணியிலிருந்து மூன்றரை மணி வரையில் வெயிலில் விளையாட்டு ஆகாது. மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி அம்மாத இறுதிவாக்கில் கழியும் கத்திரி வெயிலில் இது இன்னும் கண்டிப்பான விதி. பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும் இந்த நாலரை மணி நேரத்துக்காகவே ஏற்பட்டவை என்று நான் நம்புகிறேன். புளியங்கொட்டையைக் குழிக்கு ஐந்தாகப் போட்டு, எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே மனத்தில் எண்ணி ஆடுகிற ஏழு வயதுப் பெண்ணுக்குக் கணக்கு வகுப்பு தனியே வேண்டியிராது. விளையாட்டில் சண்டை வரும். ரத்தம் வராத வரையில் தீர்த்துவைக்கப் போகாதீர்கள். "எனக்குப் பொழுதே போகவில்லை" என்று பிள்ளை வந்து நிற்கும் மதியங்களும் வரும். அதற்கு உடனே கைபேசியை எடுத்து நீட்டாமல், "சரி, என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்" என்று சொல்லி அரை மணி பொறுத்திருப்பது பெற்றோருக்குக் கடினமான காரியம். ஆயினும் அட்டைப்பெட்டி வீடாவதும், தலையணை கப்பலாவதும் அந்த அரை மணிக்குப் பின்னரே நிகழ்கின்றன.

நண்பகலில் வெளியே அழைத்துப் போகத் தக்க நாள் ஒன்றே ஒன்று உண்டு. சூரியன் ஒவ்வொரு நாளும் சற்று வடக்கே நகர்ந்து வருகையில், ஒவ்வோர் ஊருக்கும் ஒருநாள் உச்சிப்பொழுதில் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. அன்று செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கத்தில் நிழல் விழாது. இதை நிழலில்லா நாள் என்கிறார்கள். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 11ஆம் தேதியை ஒட்டியும், மதுரையில் 16ஆம் தேதியை ஒட்டியும், திருச்சியில் 18ஆம் தேதியை ஒட்டியும், சென்னையில் 24, 25 தேதிகளிலும் வரும். மறுபடி சூரியன் தெற்கே திரும்புகையில் ஆகஸ்டு மாதத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோ இன்னொரு முறை வரும். டில்லியில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒருநாளும் வாராது. சரியான நேரம் பன்னிரண்டு மணியன்று. சென்னையில் பன்னிரண்டேகாலுக்குச் சில நிமிஷம் முன்னதாகவும், மதுரையில் பன்னிரண்டேகாலை ஒட்டியும் இருக்கும். சமதளமான தரையில் ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டை நிமிர்த்தி நிறுத்தி, அரை மணி முன்பிருந்தே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் நிழலின் நுனியைச் சாக்கட்டியால் குறித்து வரச்சொல்லுங்கள். நிழல் குறுகிக் குறுகி, விரற்கடை அளவாகி, நூலாகி, முடிவில் குழாயின் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது மேலிருந்து எட்டிப்பார்த்தால், எப்போதும் இருட்டாகவே இருக்கும் குழாயின் அடித்தரை முழுவதும் வெயில் வட்டமாக நிறைந்திருக்கும். குனிந்து பார்க்கிற குழந்தை தன் தலையின் நிழலாலேயே அதை மறைத்துவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவையுங்கள். காலில் செருப்பு, தலையில் துணி. நிழலில் நின்று காத்திருந்து, குறிப்பதற்கு மட்டும் வெளியே வந்து போவது போதும்.

வெயிலால் வரும் உபத்திரவங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். விளையாடப் போகுமுன் ஒரு டம்ளர், வந்த பின் ஒரு டம்ளர் என்று பழக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு, எவ்வளவு வெயிலானாலும், தாய்ப்பாலே தண்ணீரும் ஆகும். அடிக்கடி பால் கொடுத்தால் போதும், தனியே தண்ணீர் புகட்டலாகாது. வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் போக வேண்டும். உப்பின் அளவை மீறக் கூடாது. உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, பிள்ளை மயங்கினால், ஆடையைத் தளர்த்தி உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு விசிறியபடியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அம்மை வந்த வீட்டில் வேப்பிலை சொருகுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் காய்ச்சலுக்கென்று ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நிறுத்திய காரில் "இரண்டு நிமிஷம்தானே" என்று குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குள் போவது எக்காரணத்தாலும் கூடாது.

நீச்சல் கற்க இதைவிடச் சிறந்த காலமில்லை. நீரில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிற காலமும் இதுவே. எனக்கு ஒன்பது வயதில், பாட்டனார் ஊர்க் கிணற்றில், இடுப்பில் கட்டியிருந்த சுரைக்குடுக்கையின் முடிச்சு அவிழ்ந்துபோய் நான் ஓசையில்லாமல் உள்ளே போனேன். கத்த வேண்டும் என்று தோன்றியது. வாயில் தண்ணீர் நிறைந்திருந்தது. கையெட்டும் தூரத்தில் நீரிலேயே நின்றிருந்த மாமா தலைமயிரைப் பற்றித் தூக்கிவிட்டார். கிணற்று மேட்டில் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மூழ்குகிற குழந்தை கூச்சலிடாது என்பதை அன்றுமுதல் அறிவேன். ஆகையால் கரையில் பத்துப் பேர் இருப்பது காவலாகாது. நீந்தத் தெரிந்த ஒருவர், வேறு வேலையும் கைபேசியும் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே காவல். தவழும் குழந்தை உள்ள வீட்டில், தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பிடித்து வைக்கிற வாளிக்கும் தொட்டிக்கும் மூடி அவசியம். அரை வாளித் தண்ணீரும் அதற்குக் கிணறுதான்.

ஊருக்கு ஊர் திருவிழா நடக்கிற காலமும் இதுவே. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் முடிந்து, சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் வைகையில் இறங்குவதைக் காணத் திரளும் ஜனங்களுக்கு நடுவே பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள், புறப்படுமுன்பே ஓர் இடத்தைக் காட்டி, "வழி தவறினால் தேடி அலையாதே; நின்ற இடத்திலேயே நில், பக்கத்தில் போலீஸ்காரரோ குழந்தையோடு வந்த அம்மாவோ இருந்தால் அவர்களிடம் சொல்" என்று பழக்க வேண்டும்; தகப்பனாரின் தொலைபேசி எண்ணைச் சட்டைப் பையின் உட்புறத்தில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளை கையில் 50 ரூபாயைக் கொடுத்து, அதற்குள் அவன் விருப்பம்போல் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். முதல் கடையிலேயே முழுப் பணமும் ஊதலுக்குப் போய், பிறகு ராட்டினத்தைப் பார்த்து அவன் வாய்மூடி நிற்கும்போது, இரக்கப்பட்டு இன்னொரு நோட்டை எடுக்காதிருக்கும் உறுதி பாட்டிமார்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

மாலையில் பறவைகளுக்கு நீர் வைப்பதைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அகன்று ஆழமில்லாத மண்தட்டும், அதன் நடுவில் சிறு பறவை நிற்க ஒரு கல்லும் போதும். தினந்தோறும் பழைய நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுநீர் ஊற்ற வேண்டும்; ஒரு வாரம் தேங்கினால் கொசு பிறந்துவிடும். சுற்றுப்புறத்தில் காக்கை சுள்ளி கவ்விக்கொண்டு பறந்தால், எந்த மரத்துக்குப் போகிறது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற கதையை அந்த மரத்தடியில் நின்று சொன்னால், பிள்ளைகள் வைகாசி முடியும் வரை அண்ணாந்தபடியே திரிவார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மாடித் தரையில் தண்ணீர் தெளித்துச் சூடு தணிந்த பின் பாயை விரித்துப் படுத்தால், வடக்கே ஸப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். அதன் வால்பகுதியிலுள்ள மூன்று நட்சத்திரங்களில் நடுவிலிருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. முகூர்த்தத்தில் நல்ல பகலில் காட்டப்பட்டதால் எதையும் காணாமலே தலையசைத்த பெற்றோர், தம் பிள்ளைகளின் கூர்மையான கண்ணின் உதவியால் இப்போது அதை மெய்யாகவே காணலாம். அந்த வால் வளைகிற போக்கிலேயே பார்வையை நீட்டிக்கொண்டு போனால் செந்நிறமான சுவாதியும், இன்னும் நீட்டினால் வெண்மையான சித்திரையும் வரும். பௌர்ணமிச் சந்திரன் அந்தச் சித்திரைக்கு அருகில் வந்து நிற்கிற மாதமாதலால்தான் இதற்குச் சித்திரை என்று பெயர். பௌர்ணமியன்று மாலையில் கீழ்வானத்தில் சந்திரன் எழும்போது, அதன் பக்கத்தில் அந்த நட்சத்திரம் எந்தத் திசையில், எத்தனை விரல் தள்ளி நிற்கிறது என்று குழந்தை கையை நீட்டி அளக்கட்டும். மறுநாள் சந்திரன் எழுந்த பின் மீண்டும் அளந்து, இரண்டையும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தேதி போட்டு எழுதி, வடாம் டப்பாவின் மேல் ஒட்டிவையுங்கள். ஐப்பசி மழையில் அந்த டப்பாவைத் திறக்கும்போது படித்துப் பார்ப்பதற்கு இருக்கும்.